படத்துக்குக் கீழே ஒரு வரி

விளக்கு அணைந்ததும் பக்கத்து நாற்காலியில் கணவர் சிவக்கொழுந்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார். படிக்கத் தயாராகிறார் என்று மங்கையர்க்கரசிக்குப் புரிந்தது. பரீட்சைத் தாளைக் கொடுத்துவிட்டு ஜன்னலோரம் போய் நிற்கிறவள் அவள்; இருபத்தைந்து வருஷமாகப் பிள்ளைகளின் பேனா நகர்வதைப் பார்த்தபடி நின்றவளுக்கு இன்று யாரோ தன் தாளைத் திருத்தப்போகிற மாதிரி இருந்தது. படம் பிரெஞ்சுப் படம். அடியில் ஓடப்போகிற தமிழ் அவளுடையது. திரைப்படச் சங்கத்துச் செயலாளர் கோதண்டபாணி போன மாதம் பள்ளிக்கூடத்துக்கே வந்து, ஆங்கில வரிகள் வேகமாக ஓடிவிடுகின்றன, நம்ம ஆட்களால் கூடவே ஓட முடியவில்லை, நீங்கள் தமிழில் எழுதிக் கொடுங்கள் என்று கேட்டிருந்தார். கேட்டுவிட்டுத் தரையைப் பார்த்து, கொஞ்சம் ஒரு மாதிரியான படம் மேடம், ஆனால் நல்ல படம், எடுத்தது ஒரு பெண்மணி என்றார். ஒரு மாதிரி என்றால் எந்த மாதிரி என்று அவள் கேட்கவில்லை. அன்றைக்கே ஒப்புக்கொண்டாள். அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், ஊரில் சொல்தா வீடு, சிப்பாய் வீடு, என்றால்தான் தெரியும். அவருக்குத் தெரிந்த பிரெஞ்செல்லாம் நில், நட, திரும்பு. மகள் அதிலேயே பட்டம் வாங்கி டீச்சராகி, நடுவயதில் இப்படி ஒரு படத்துக்கு வரி எழுதுவாள் என்று அவர் நினைத்திருக்கமாட்டார். அவரை விடு. இவர் இருக்கிறாரே, வாழ்நாளில் சினிமாச் சங்கத்துப் பக்கம் தலைவைக்காதவர், நான் எழுதின படம் வந்து பாருங்களேன் என்று சொன்னதும் எந்தக் கிழமை என்று மட்டும் கேட்டுவிட்டு, இன்று மத்தியானம் தானே சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறார். தூங்கிவிடுவாரோ. குளிர்சாதனம் வேறு போட்டிருக்கிறார்கள். அந்த ஒரு வரிக்கு முன்னால் தூங்கிவிட்டால்? தூங்காமல் இருந்துவிட்டால்?

திரையில் ஒரு கடற்கரை ஊர், மழை, ஒரு மருந்துக்கடை. கடைக்காரி மத்தில்த், ஐம்பது வயது, வெள்ளைக் கோட்டு. ஒரு கிழவருக்கு மருந்துச் சீட்டைப் படித்துக் காட்டுகிறாள், நாளைக்கு மூன்று வேளை, சாப்பிட்ட பிறகு. சிவக்கொழுந்தின் உதடுகள் லேசாக அசைவதை மங்கை ஓரக்கண்ணால் பார்த்தாள். படிக்கிறார். அவர் எதையுமே வாய் அசைத்துத்தான் படிப்பார், கடைப் பெயர்ப்பலகையைக்கூட. பிறகு மத்தில்த் கடையைச் சாத்தி, வீட்டுக்குப் போய், குளியலறையில் உடைகளைக் கழற்றிவிட்டுக் கண்ணாடி முன்னால் நின்றாள். நின்றாள் என்றால் நின்றுகொண்டே இருந்தாள். பாட்டு இல்லை, பேச்சு இல்லை, காமிராவும் நகரவில்லை. முன்வரிசையில் யாரோ இருமினார்கள். இந்த இடத்தில் இருமுவார்கள் என்று மங்கைக்கு முன்பே தெரியும். வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்து, காதில் மாட்டிக்கொண்டு, பகல் நேரத்தில் கதவைத் தாழ்போட்டு முதல் தடவை இதைப் பார்த்தபோது அவளே எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். வெட்கம் என்று அப்போது நினைத்தாள். வெட்கம் இல்லை அது. அந்த அம்மாளுக்கு வயிறு தளர்ந்திருந்தது. அடிவயிற்றில் கோடு போட்ட மாதிரி ஒரு பழைய தழும்பு. அதை அவள் மறைக்கவும் இல்லை, தடவிக் கண்கலங்கவும் இல்லை. பக்கத்து வீட்டு ஜன்னலைப் பார்ப்பதுபோலச் சும்மா பார்த்தாள். நாம் எப்போது அப்படிப் பார்த்தோம்? நம் வீட்டுக் குளியலறைக் கண்ணாடி முகம் மட்டும் தெரிகிற அளவு. கல்யாணத்துக்கு முன்னால் யார் மாட்டியதோ. கழுத்துக்குக் கீழே தெரியவேண்டும் என்றால் முக்காலி போட்டு ஏறவேண்டும், முக்காலி போட்டு ஏறிப் பார்க்கிற அளவுக்கு அங்கே என்ன இருக்கிறது என்று இத்தனை நாளும் ஓடிவிட்டது. படம் வெளியானபோது அவர்கள் ஊரிலேயே ஆட்கள் எழுந்து கத்தினார்களாம், கோதண்டபாணி சொன்னார். எதற்குக் கத்தினார்கள்? இளம் உடம்பு இல்லை என்பதற்கா, அந்த உடம்புக்கு இன்னும் எதுவோ தேவைப்படுகிறது என்பதற்கா?

தேவை. அந்தச் சொல்லும் சரியில்லை. அவளுக்குத் தலைவலியே அங்கேதான் தொடங்கியது. பிரெஞ்சில் அதற்கு ஒரு சின்னச் சொல் இருக்கிறது, ஆன்வி. காபி குடிக்கணும் போலிருந்தாலும் அதுதான், தூக்கம் வந்தாலும் அதுதான், ஒரு ஆளை நினைத்து உடம்பு தவித்தாலும் அதேதான். குழந்தையும் சொல்லும், பாதிரியாரும் சொல்வார். அதைத் தூக்கித் தமிழில் வைக்கப்போனால் எங்கே வைத்தாலும் உறுத்தியது. காமம் என்று எழுதினாள், உடனே பள்ளிக்கூடத்துத் தமிழய்யா வந்து நின்று உரை சொல்ல ஆரம்பித்தார். இச்சை என்று எழுதியதும் அது பாவத்தின் பட்டியலில் போய் உட்கார்ந்துகொண்டது. தாபம் என்று போட்டால் வாரப்பத்திரிகைத் தொடர்கதை, ஆசை என்றால் பொங்கலுக்குப் பட்டுப்பாவாடை கேட்கிற பெண். ஒரு பெண் சமையலறையில் நின்றுகொண்டு, கையில் ஈரத்துணியோடு, தன் புருஷனைப் பார்த்துச் சாதாரணமாகச் சொல்கிற மாதிரி ஒரு சொல் இந்த மொழியில் இல்லவே இல்லையா, இருந்து நமக்குத்தான் யாரும் சொல்லித்தரவில்லையா என்று இரண்டு நாள் அதே இடத்தில் மாட்டிக்கொண்டு கிடந்தாள். ஒன்பதாம் வகுப்பில் பிள்ளைகளுக்கு அவள் முதலில் சொல்லித்தருவதே கடையில் பிரெஞ்சில் எப்படிக் கேட்பது என்பதுதான். எனக்கு வேண்டும் என்று நேராகச் சொல்லக்கூடாது, மரியாதைக் குறைவு. எனக்கு ஒரு காபி கிடைத்தால் நன்றாக இருக்கும் என்கிற மாதிரி வினைச்சொல்லை வளைத்துச் சொல்லவேண்டும். கேட்காமலே கேட்பதற்கு ஒரு வினைவடிவம். அதைப் பலகையில் எழுதி எழுதியே அவள் கையில் சாக்பீஸ் தூள் ஏறியது. வீட்டிலும் அந்த வடிவத்தில்தான் வாழ்ந்தாள் என்று இந்தப் படத்துக்கு உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. மாவு தீர்ந்துபோகிற மாதிரி இருக்கு. ஃபேன் சத்தம் போடுற மாதிரி இருக்கு. எதையும் வேணும் என்று சொன்னதில்லை. சொல்லாமலே அவரும் செய்துகொண்டுதான் வந்தார், மாவு வந்தது, ஃபேன் சரியானது.

பின்வரிசையில் நாற்காலி கிறீச்சிட்டது. இரண்டு ஆண்கள் எழுந்து குனிந்தபடி வெளியே போனார்கள். திரையில் மத்தில்த் துறைமுகத்தில் படகு எஞ்சின் பழுதுபார்க்கிற ஒருவனோடு அறையில் இருந்தாள். காமிரா அவனைக் காட்டவே இல்லை, அவள் முகத்தை மட்டும் காட்டியது, கண்ணை மூடாத முகம். அரங்கு முழுக்க மூச்சுச் சத்தம். மூச்சுக்கு வரி எழுதவேண்டுமா என்று அவள் கோதண்டபாணியிடம் போனில் கேட்க நினைத்துக் கேட்காமல் விட்டிருந்தாள். அது புரியாத ஆள் யார்? சிவக்கொழுந்து அசையாமல் உட்கார்ந்திருந்தார். கைகள் முழங்கால்மேல். அந்தக் கைகளைப் பார்த்தாள். புதிதில் அந்தக் கைகளில் டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெய் வாசனை அடிக்கும், சோப்புப் போட்டாலும் போகாது. புயல் மழையில் விடிய விடியக் கம்பம் கம்பமாக அலைந்துவிட்டு வந்து, ஈரத் தலையோடு அவள் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, ஊருக்கே கரண்ட் குடுத்துட்டு வந்திருக்கேன் என்பார். அவள் சிரிப்பாள். இப்படியும் ஒரு மனுஷனா என்று அக்காள்மார் கேலி செய்வார்கள். எப்போது நின்றது என்று கேட்டால் தேதிகூடச் சொல்லலாம். ரத்தப்போக்கு நிற்காமல் போய், கர்ப்பப்பையை எடுத்தார்களே, அன்றைக்கு. எட்டு வருஷம். டாக்டரம்மா மூன்று மாதம் ஜாக்கிரதையாக இருக்கணும் என்றார். இவர் மறுநாளே கூடத்தில் ஒரு கட்டிலைக் கொண்டுவந்து போட்டார். மூன்று மாதம் முடிந்தது. கட்டில் அங்கேயே இருந்தது. அதன்மேல் போர்வை மாறியது, தலையணை உறை மாறியது, மகள் படிப்பு முடிந்து புனேயில் வேலைக்குப் போனாள், கட்டில் நகரவில்லை. ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்த நாத்தனார், இனிமே ஒரு தொந்தரவும் இல்ல அண்ணி, நிம்மதி என்று கையைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனாள். எந்தத் தொந்தரவு? இன்றுவரை அவளுக்கு அது தெளியவில்லை. மாதாமாதம் வருகிற தொந்தரவையா, ராத்திரி வருகிறதையா? எல்லாருமாகச் சேர்ந்து அவளை ஏதோ ஒரு வேலையிலிருந்து ஓய்வுகொடுத்து அனுப்பிவிட்ட மாதிரி இருந்தது. அவரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார் போல. காலி வீட்டுக்கு யார் வருவார்கள் என்று ஒருதடவை தலை வாரும்போது தோன்றியது, அதற்கப்புறம் அந்த நினைப்பு சீப்பை எடுத்தாலே வரத் தொடங்கியது. அவர் முகம் சுளித்ததில்லை. மாத்திரை வாங்கி வைப்பார், அவள் பாரம் தூக்கினால் ஓடிவந்து வாங்கிக்கொள்வார். அன்பு குறையவில்லை, அதுதான் கேட்கமுடியாமல் செய்தது. குறைந்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

இன்னும் கொஞ்ச நேரம்தான். படகுக்காரனோடு எல்லாம் முடிந்து மத்தில்த் வீட்டுக்கு வருவாள். புருஷன் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருப்பான், அவனுக்கு எல்லாம் தெரியும், தெரிந்தும் கேட்கமாட்டான். அவள் கோட்டைக்கூடக் கழற்றாமல் கதவோரம் நின்று சொல்வாள். எனக்கு உன் மேல் ஆன்வி. எந்த ஆண் மேலோ இல்லை. உன் மேல். அவ்வளவுதான் வசனம். படத்துக்கே உயிர் அந்த இடம்தான், மற்றதெல்லாம் அதற்கு வந்து சேருகிற வழி. இரண்டு நாள் மாட்டிக்கொண்டு கிடந்துவிட்டு, மூன்றாம் நாள் காலையில் அரிசி களைகிறபோது கிடைத்தது. வேணும். அரிசிக்கும் கேஸுக்கும் பிள்ளை பீஸுக்கும் சொல்கிற அதே வேணும். தன் பேரில் அதைச் சொன்னதில்லை என்பதால்தான் இவ்வளவு நாள் கண்ணில் படாமல் இருந்திருக்கிறது. ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து எழுதினாள், எனக்கு வேணும், யாரோ இல்லை, நீதான். எழுதிப் பார்த்தால் நன்றாகத்தான் இருந்தது. படம் முழுக்க அந்த அம்மாள் புருஷனை நீ என்றுதான் பேசுகிறாள், பிரெஞ்சில் அப்படித்தான், அவளும் அப்படித்தான் எழுதிவந்திருந்தாள், நீ சாப்பிட்டியா, நீ எங்க போயிருந்தே. ஆனால் அந்த நீ-யைப் பார்த்துக்கொண்டே இருந்தபோது அது அவளை விட்டுத் தூரப் போயிற்று. வெள்ளைக்காரி பேச்சு. இவர் வாய் அசைத்துப் படித்துவிட்டு, அவங்க ஊர்ல அப்படி என்று விட்டுவிடுவார். பக்கத்து வீட்டுப் பையன் சைக்கிள் மணி அடித்துக்கொண்டு தெருவில் போனான். அவள் விரல் பின்னுக்குப் போய் அந்த ஒரு சொல்லை அழித்தது. நீங்கதான் என்று அடித்தது. அந்த ஒரே வரியில் மட்டும். அடித்துவிட்டு அவசரமாக மடிக்கணினியை மூடினாள், யாரோ கதவைத் திறந்த மாதிரி. அன்று ராத்திரி சோறு போடும்போது வந்து பாருங்களேன் என்று அவரிடம் சொன்னாள்.

இதோ, சமையலறை. வெங்காயம். கத்திச் சத்தம். எழுந்து போய்விடலாமா, கழிப்பறைக்குப் போவதுபோல. போனால் அவர் திரும்பிப் பார்ப்பார், பார்க்கிற நேரத்தில் வரி போய்விடும். இரு. உட்கார். கோதண்டபாணியின் மனைவி இரண்டு வரிசை முன்னால் இருக்கிறாள், அவளுக்கு இது வெறும் வசனம், எல்லாருக்கும் வெறும் வசனம், இந்த இருட்டில் ஒரே ஒருவருக்குத்தான் இது கடிதம், அவருக்கும் புரியாமல் போகலாம், புரியாமல் போனால் நல்லதுதான், வீட்டுக்குப் போய் ரசத்தைச் சூடுபண்ணலாம். புரிந்து, அவமானப்பட்டு, என்ன மங்கை இந்த வயசுல என்று சொல்லிவிட்டால்? சொல்லமாட்டார். சொல்லாமல் நினைத்துவிட்டால்? மத்தில்த் கதவோரம் வந்து நின்றாள். கோட்டில் மழைத்துளி. வாயைத் திறந்தாள். கரண்ட் போய்விட்டது.

ஓ என்று ஒரு சத்தம் எழுந்து அடங்கியது. யாரோ செல்போன் விளக்கைப் போட்டார்கள். மின்துறை சார் வந்திருக்காரே என்று கோதண்டபாணி இருட்டிலிருந்து கூப்பிடுவதற்கு முன்பே சிவக்கொழுந்து எழுந்துவிட்டிருந்தார். பக்கத்து பில்டிங்ல ஏசி ஓடுது, இங்க மட்டும்தான் போயிருக்கு, நான் பார்க்குறேன் என்று அவளிடம் மெதுவாகச் சொல்லிவிட்டு நடைவழியில் இறங்கிப் போனார். திரை கறுப்பாக இருந்தது. ஆனால் படம் நிற்கவில்லை. படத்தை ஓட்டிய மடிக்கணினி பின்னால் மேசைமேல் தன் பாட்டரியில் தானாக ஓடிக்கொண்டிருந்தது, ஒலிபெருக்கிகள் செத்துப்போயிருந்ததால் அதன் சின்ன வாயிலிருந்து கொசு பாடுவதுபோலச் சத்தம் வந்தது. அந்த இருட்டில், நாற்பது பேர் விசிறிக்கொண்டும் பேசிக்கொண்டும் இருந்த இருட்டில், மத்தில்த் சொல்வது மங்கைக்குக் கேட்டது. எனக்கு உன் மேல் ஆன்வி. அடியில் தமிழ் இல்லை. அங்கே இருந்தவர்களில் அதைப் புரிந்துகொண்டவள் அவள் ஒருத்திதான், அது அவளுக்குச் சொன்னது மாதிரி ஆகிவிட்டது. சிரிப்பு வந்தது. மூன்று வாரம் மெனக்கெட்டுக் கட்டின ஏற்பாடு. ஒரு ஃப்யூஸ்.

கொஞ்ச நேரத்தில் விளக்குகள் வந்தன, கைதட்டினார்கள். புரொஜெக்டர் சூடாகிப் படம் தெரிந்தபோது சமையலறை போய்விட்டிருந்தது. புருஷனும் பெண்டாட்டியும் பக்கத்தில் பக்கத்தில் படுத்து உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்சம் பின்னால போகலாமா, ஒரு சீன் போயிருச்சு என்று கோதண்டபாணி எல்லாரையும் பார்த்துக் கேட்டார். வேணாம் சார், அப்படியே ஓடட்டும் என்று நாலைந்து குரல் வந்தது. அந்தப் படகு அறைக்கே மறுபடி போய்விடுவாரோ என்று பயந்த குரல்கள். கோதண்டபாணியின் கண் இவளிடம் வந்தது. நீங்க சொல்லுங்க மேடம் என்கிற மாதிரி. பின்னால போங்க என்று சொன்னால் போதும். இரண்டு சொல். படத்துக்கு அதுதான் உயிர் என்று ஒரு டீச்சர் சொன்னால் யாரும் மறுக்கப்போவதில்லை. அவள் வாயைத் திறந்தாள், பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது, இவரே இல்லாமல் யாருக்காகப் பின்னால் போவது என்று தோன்றியது, இவர் வருகிறவரை நிறுத்திவைக்கச் சொல்வதா, என்ன காரணம் சொல்வது. ஓடட்டும் சார் என்றாள். சொன்ன உடனேயே தன்மேல் கோபம் வந்தது. கடைசிவரை அந்த வளைந்த வினைச்சொல்தான். சிவக்கொழுந்து கைக்குட்டையில் விரலைத் துடைத்தபடி வந்து உட்கார்ந்தார். மெயின்ல ஒரு வயர் லூஸா இருந்துச்சு என்றார். பிறகு கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, விட்ட இடம் எங்கே என்று தேடுகிற முகத்தோடு திரையைப் பார்த்தார். மீதிப் படம் முழுக்க அவள் எதையும் பார்க்கவில்லை. தான் எழுதிய வரிகள் வேறு யாரோ எழுதியதுபோல வந்து வந்து போயின. மத்தில்த் விடியற்காலையில் கடையைத் திறந்து, வாசலில் காத்திருந்த முதல் ஆளுக்கு மருந்து எடுத்துக் கொடுத்தாள், படம் முடிந்தது. அவ்வளவுதானா என்று ஒருவர் எழுந்து கேட்டார். இதைத் தமிழில் வேறு போட வேண்டுமா, இங்கிலீஷிலேயே இருந்திருந்தால் மரியாதையாக இருந்திருக்கும் என்றார் இன்னொருவர். கோதண்டபாணி ஏதோ பதில் சொன்னார். பதில் முடியும்வரை நிற்காமல் மங்கையும் சிவக்கொழுந்தும் படியிறங்கினார்கள்.

வெளியே இன்னும் வெயில் இருந்தது. கடற்கரைச் சாலையில் வண்டிப் போக்குவரத்தை நிறுத்திவிட்டிருந்தார்கள். ஆட்கள் நடந்தார்கள், குழந்தைகள் நடுரோட்டில் ஓடின. கொஞ்சம் நடக்கலாமா என்று சிவக்கொழுந்துதான் கேட்டார். நடந்தார்கள். அவர் பேசாமல் வந்தார், பிடிக்கவில்லை போல என்று அவள் நினைத்தாள், பிடிக்காமல் போனால் என்ன, இனி அதைப்பற்றி என்ன. பாறைகளில் அலை வந்து மோதிச் சரிந்தது. ஒரு சுண்டல்காரர் தாண்டிப்போனார். அப்போது அவர், திரும்பிப் பார்க்காமலே, கேட்டார்.

“கரண்ட் போறப்ப அந்தம்மா ஏதோ சொல்ல வாயெடுத்துச்சே. என்ன சொல்லிச்சு?”

அவள் கால் நின்றது. ஒன்றும் பெரிசாக இல்லை, புருஷன்கிட்ட மன்னிப்பு கேட்டா என்று சொல்லிவிடலாம். நாக்கு அதற்குத் தயாராகக்கூட இருந்தது. கடலைப் பார்த்துக்கொண்டாள். கடலைப் பார்த்துச் சொல்வது சுலபமாக இருந்தது.

“வேணும்னு சொன்னா. யாரோ இல்லை, நீங்கதான்னு.”

அவர் தலையாட்டினார். நாலடி நடந்தார். அப்புறம் நின்று, முதல் தடவையாக அவளை நேராகப் பார்த்தார்.

“படம் பூரா அவ புருஷனை நீ, நீன்னுதானே எழுதியிருந்தே. அந்த இடத்துல மட்டும் எப்படி நீங்க?”

ஒரு வரி விடாமல் படித்திருக்கிறார். தப்பா அடிச்சுட்டேன் என்று சொன்னால் நம்பிவிடுவார், அவள் எது சொன்னாலும் நம்புகிறவர். எத்தனை பிள்ளைகளின் தப்பைச் சிவப்பு மையில் சுழித்திருக்கிறாள், ஒரு சுழி தனக்கும் போட்டுக்கொண்டால் முடிந்தது.

“தப்பா எழுதலை” என்றாள்.

அவர் அங்கே இருந்த கல்கட்டையில் உட்கார்ந்துவிட்டார். தன் கைகளைப் பார்த்தார். பிறகு பேசத் தொடங்கியபோது ஆபீஸில் எதையோ விளக்குகிற குரலில், ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னார். டாக்டரம்மா மூன்று மாதம் என்றார்கள், அதை அவர் எண்ணிக்கொண்டுதான் இருந்தார். ஐந்தாவது மாதமோ என்னவோ, ஒரு ராத்திரி அவள் தூக்கத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகினாள். கூடத்திலிருந்து எழுந்து வந்து வாசற்படியில் நின்று பார்த்தார். அதற்கப்புறம் பல ராத்திரி அப்படி வந்து நின்று பார்த்துவிட்டுப் போனார். வலிக்குமோ என்று பயம். கேட்டால் அவள் அவருக்காகச் சரி என்று சொல்லிவிடுவாள், வலித்தாலும் சொல்லமாட்டாள், அது அதைவிடப் பயம். நீயாகச் சொல்வாய் என்று இருந்தேன் என்றார். அப்புறம் வருஷம் போகப் போக, நீ சொல்லாததே பதில் என்று எடுத்துக்கொண்டேன்.

வாசற்படியில் நின்றிருக்கிறார். அவள் அந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு படுத்திருப்பாள், விழித்துக்கொண்டு படுத்திருந்த ராத்திரிகளும் எத்தனையோ, காலடிச் சத்தம் கேட்டால் தண்ணீர் குடிக்க எழுந்திருக்கிறார் என்று நினைத்துக்கொள்வாள். இரண்டு பேரும் விழித்திருந்திருக்கிறார்கள். பத்தடி தூரம். ஆறுதலாகத்தான் இருந்திருக்கவேண்டும் அவளுக்கு, காலி வீடு இல்லை, யாரும் வராமல் இல்லை, வந்து வாசலில் நின்றிருக்கிறார். ஆனால் முதலில் வந்தது கோபம், அடிவயிற்றிலிருந்து, எட்டு வருஷத்துக் கோபம், ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என்ன என்று, நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்தான் என்ன என்று. இந்த உடம்பு இவ்வளவு நாளும் யாருடைய அனுமதிக்காகக் காத்துக்கொண்டிருந்தது? நாத்தனாருடையதா? நாற்பத்துமூன்றில் எடுத்தார்கள், இப்போது ஐம்பத்தொன்று. அந்த வருஷங்களை யாரும் திருப்பித் தரமாட்டார்கள், பின்னால போங்க என்று சொல்ல இது கோதண்டபாணியின் மடிக்கணினி இல்லை. கண்ணில் நீர் வந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. காற்றே காயவைத்தது. ஒரு குழந்தை அவர்கள் முன்னால் வந்து நின்று இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஓடியது.

அந்த டாக்டரம்மா இன்னும் பார்க்கிறார்களா என்று அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டால் நல்லது, எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, இப்போது எப்படியோ என்னவோ.

“டாக்டரை எதுக்குக் கேக்கணும்?” என்றாள் மங்கையர்க்கரசி. “என்னைக் கேளுங்க.”

அவர் இரண்டு பக்கமும் பார்த்தார். சாலை முழுக்க ஆட்கள். இங்கேயா என்று கேட்டார். இங்கேதான் என்றாள். அவள் நகரப்போவதில்லை என்று தெரிந்ததும் எழுந்து நின்றார், கிட்டே வந்தார், அலைச் சத்தத்தில் கேட்காதோ என்று இன்னும் கிட்டே வந்தார். கேட்டார். பாதியில் குரல் நின்றது. நின்ற இடத்திலிருந்து மறுபடி தொடங்கி முழுதாகக் கேட்டு முடித்தார். சொன்ன சொற்கள் சாதாரணமானவைதான், அகராதியில் தேடவேண்டியவை இல்லை.

முதலில் எதைச் சொல்வது என்று யோசித்தாள், இரண்டும் உண்மையாக இருந்தன.

“உங்க மேல கோவமா இருக்கேன்” என்றாள்.

“சரி” என்றார்.

“வலிக்குமா வலிக்காதான்னு எனக்கும் தெரியாது.”

“சரி.”

“ஆனா வேணும்” என்றாள், அவர் முகத்தைப் பார்த்து.